கடைசி வண்டியின் இடப்பக்கக் கண்ணாடி

இனி ஒன்றுகூடச் செய்யப்போவதில்லை என்று கம்பெனி கைகழுவிவிட்ட ஒரு காரின் கடைசி உருப்படியை, ஓட்டிப் பார்க்க எடுத்து, ஷோரூம் வாசலைத் தாண்டுவதற்குள் உடைத்த பெருமை என்னையே சேரும். முழுதாக உடைக்கவில்லை. இடது பக்கக் கண்ணாடியை மட்டும். வாசல் தூண் அதன் காதைப் பிடித்துத் திருகி, பிய்த்து, தரையில் போட்டுவிட்டது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. பென்சில் ஒடிந்ததுபோல ஒரு 'டக்'. பக்கத்து சீட்டில் இருந்த விற்பனையாளர் "ஐயோ சார்!" என்று அலறியதுதான் தெருமுனை வரை கேட்டது.

இறங்கிச் சுற்றிப்போய்ப் பார்த்தேன். கண்ணாடி மல்லாந்து கிடந்து என் முகத்தை எனக்கே காட்டியது. அந்த நேரத்தில் நான் பார்க்க விரும்பிய முகம் அல்ல அது.

"இந்தத் தூண் புதுசா?" என்று கேட்டேன்.

"சார், கட்டடம் கட்டின நாள்லேர்ந்து இருக்கு சார்."

"அப்ப அதுக்குத்தான் அனுபவம் ஜாஸ்தி. விலகியிருக்கணும்."

விற்பனையாளர் சிரிக்கவில்லை. கழுத்தில் சிவப்பு டை கட்டியிருந்தார். அதைத் தளர்த்திக்கொண்டு உள்ளே ஓடி மேனேஜரிடம் பேசிவிட்டு வந்தார். அதுவரை நான் பிய்ந்த கண்ணாடியைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு நின்றேன்.

"சார், நீங்க வண்டியை எடுத்துக்கறதா இருந்தா இதைப் பெரிசு பண்ண வேணாம்னு மேனேஜர் சொல்றார். சனிக்கிழமை மதியம் பன்னண்டு மணி வரைக்கும் உங்களுக்காக நிறுத்தி வைக்கறோம். இன்னொரு பார்ட்டி காத்துக்கிட்டு இருக்காங்க. வாங்கறீங்களா, லீஸுக்கு எடுக்கறீங்களான்னு மட்டும் சொல்லிடுங்க."

"ரெண்டுல எது நல்லது?"

"அது நீங்க எத்தனை வருஷம் ஓட்டப்போறீங்கங்கறதைப் பொறுத்தது சார்."

இந்த ஒரு வாக்கியம்தான் அந்த வாரம் முழுவதும் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. பாவம், அந்த மனிதர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய ஹோட்டலின் விருந்தினர்களை விமான நிலையத்துக்கும் அலுவலகங்களுக்கும் கொண்டுபோய் விடுகிறேன். ஸ்டியரிங் பிடித்து முப்பத்தோரு வருஷம் ஆகிறது. கடைசிப் பதினோரு வருஷமாக, சொந்தமாக வாங்கின ஒரே கார், ஒரே மாடல். நீளமாக, தாழ்வாக, உட்கார்ந்தால் யாரோ மடியில் எடுத்து வைத்துக்கொண்டதுபோல இருக்கும். இப்போது எல்லோருக்கும் ஏணி வைத்து ஏறுகிற உயரத்தில் வண்டி வேண்டுமாம். அதனால் கம்பெனி இந்த மாடலை நிறுத்திவிட்டது. ஹோட்டலோ, மாதக் கடைசிக்குள் பழைய கார்களை மாற்றச் சொல்லிக் கடிதம் கொடுத்துவிட்டது. உயரமான வண்டி வாங்கினால் அவர்களுக்கு ஆட்சேபணை இல்லை. எனக்குத்தான் இருந்தது. என்ன ஆட்சேபணை என்று மனைவி கேட்டபோது, "என் முழங்காலுக்கு ஒத்துக்காது" என்றேன். அது பொய்.

உண்மை என்னவென்றால், அந்த மாடலின் அகலம் எனக்கு உடம்பில் ஊறிப்போயிருந்தது. விளக்கைப் போடாமல் நம் வீட்டுக் குளியலறைக்குப் போவோமே, அப்படி. எந்தச் சந்தில் நுழையும், எந்தத் தூணுக்கு எவ்வளவு தள்ளித் திருப்ப வேண்டும் என்பதெல்லாம் இடுப்புக்குத் தெரியும். அப்படியிருந்தும் ஷோரூம் தூணில் எப்படி இடித்தேன்? அன்று சாயங்காலம் அவர்கள் கொடுத்த புத்தகத்தை வைத்துக்கொண்டு, டேப்பால் என் பழைய காரை அளந்தேன். கடைசிப் பதிப்பு என்பதால் கண்ணாடியைக் கொஞ்சம் அலங்காரமாக வெளியே நீட்டியிருக்கிறார்கள். நாலு விரல் அகலம் கூடுதல்.

"பாத்தியா! என் மேல தப்பில்ல. கண்ணாடி பெரிசு," என்று மனைவியிடம் காட்டினேன்.

அவள் மருந்துக்கடையில் பில் போடுகிறவள். எதையும் இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவாள். டேப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பெரிசா இருந்தா இன்னும் நல்லாத்தானே தெரிஞ்சிருக்கணும்?" என்றாள்.

நான் டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டேன்.

அவளைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். ஒரு வருஷமாகவே, காரில் என் இடப்பக்கம் உட்கார்ந்தால் அவள் வாய் மூடுவதில்லை. "இடது பக்கம் சைக்கிள்." "இடது பக்கம் ஒரு அம்மா இறங்கறாங்க." "இடது பக்கம் நாய், நாய்!" நான் அவளுக்கு 'ஒலிபரப்பு நிலையம்' என்று பேர் வைத்திருந்தேன். "நேயர்களே, இப்போது இடதுபுறச் செய்திகள்" என்று கேலி செய்வேன். அவளும் முறைத்துவிட்டுச் செய்தியைத் தொடர்வாள். ஷோரூமுக்குப் போன அன்று அவளுக்கு வேலை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டைக்காரர் இருக்கையின் தோல் எந்த நாட்டு மாட்டுடையது என்பதை விளக்கிக்கொண்டிருந்தாரே தவிர, தூணைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் மச்சானிடம் போனேன். மனைவியின் அண்ணன், டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறார். நசுங்கின தகரத்தைத் தட்டி நிமிர்த்தி வர்ணம் அடிப்பதில் கைராசிக்காரர். வாங்குவதா, லீஸா என்று கேட்டேன்.

"லீஸுன்னா மூணு வருஷம் கழிச்சு வண்டியைத் திருப்பிக் குடுக்கணும் மாப்ள. அப்ப ஒருத்தன் டார்ச்சு அடிச்சுக்கிட்டு வருவான். நகத்தளவு கீறல் இருந்தாலும் எழுதுவான். உனக்கு அது சரிப்படாது."

"அப்ப வாங்கிடவா?"

"வாங்கினா ஏழெட்டு வருஷமாவது ஓட்டணும். நின்னுபோன மாடல், நடுவுல வித்தா எவனும் சீந்தமாட்டான்." அவர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்தார். "எத்தனை வருஷம் ஓட்டுவேன்னு நினைக்கறே?"

"ஏன் எல்லாரும் இதையே கேக்கறீங்க? நான் என்ன பேட்டரியா?"

மச்சான் என் பழைய காரைச் சுற்றி வந்தார். இடது பின்கதவில் கையை வைத்து மெல்லத் தடவினார்.

"இதை எப்ப தட்டினேன்?"

"போன மாசம்."

"இதை?"

"அதுக்கு முந்தின மாசம்."

"இந்த பம்பர் முனை?"

"மச்சான், ஆல்பம் பாக்கற மாதிரி பாக்காதீங்க."

"வலது பக்கம் ஒரு கீறல் இல்ல மாப்ள," என்றார். "பதினோரு வருஷ வண்டி. வலது பக்கம் கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு. எனக்கு வர்ற வேலை எல்லாம் இடது பக்கம்தான்."

"இடது பக்கத்துக்கு மட்டும் மாசச் சந்தா போட்டுடலாமா?"

அவர் சிரிக்கப்போனார். நடுவிலேயே நிறுத்திக்கொண்டு, "எதுக்கும் என் தங்கச்சியைக் கேட்டுக்க," என்று உப்புத்தாளைக் கையில் எடுத்துவிட்டார். என்னிடம் ஒரு நேரான பதிலைச் சொல்ல முடியாதவர் தகரத்தைத் தேய்க்கிற வேகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

தங்கச்சியைக் கேட்டேன். "உங்க இஷ்டம்," என்றாள். இருபத்தாறு வருஷத்தில் அவள் இந்த இரண்டு வார்த்தைகளைச் சொன்னது இரண்டு தடவையோ மூன்று தடவையோதான். ஒவ்வொரு தடவையும் அதற்குப் பிறகு வீட்டில் பெரிதாக ஏதாவது நடந்திருக்கிறது.

இப்போது ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டாக வேண்டும். இரண்டு மாதம் முன்பு அவளுடைய நச்சரிப்பு தாங்காமல் கண் மருத்துவமனைக்குப் போயிருந்தேன். சுவரில் இருந்த எழுத்துகளைக் கடைசி வரி வரை படித்தேன். அதற்குக் கீழே அச்சிட்டவர் விலாசம் பொடியாக இருந்தது, அதையும் படித்தேன். ஜெயித்துவிட்டேன் என்று எழுந்தால், இருட்டறையில் இன்னொரு சோதனை என்றார்கள். வெள்ளைக் கிண்ணம் போன்ற ஒரு இயந்திரத்துக்குள் முகத்தை நீட்டி, ஒரு கண்ணை மூடி, நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்கேயாவது பொட்டு வெளிச்சம் மினுக்கினால் கையில் இருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும்.

வெளிச்சம் வந்தது, அமுக்கினேன். வந்தது, அமுக்கினேன். பிறகு வரவே இல்லை. இயந்திரம் மட்டும் உள்ளே 'க்ர்ர், க்ர்ர்' என்று நகர்ந்துகொண்டிருந்தது. எங்கேயோ காட்டுகிறது, எனக்குத் தெரியவில்லை என்று புரிந்தது. என்ன செய்தேன் தெரியுமா? அந்தச் சத்தத்தை வைத்துத் தாளம் பிடித்துக்கொண்டேன். 'க்ர்ர்' என்றால் ஒரு அமுக்கு. விருந்தினர் பேசும் பாஷை புரியாதபோது சரியான இடத்தில் "ம்" கொட்டுவோமே, அந்தத் திறமை.

முடிந்ததும் அங்கிருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சார், வெளிச்சமே வராதப்ப பதினாறு தடவை அமுக்கியிருக்கீங்க."

"வரப்போகுதுன்னு முன்கூட்டியே சொன்னேம்மா."

டாக்டரம்மா அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டார். "இதை வெச்சு நான் எதுவும் சொல்ல முடியாது. கண்ணுல அழுத்தம் இருக்கு. இந்தச் சொட்டு மருந்தை தினமும் போடுங்க. ரெண்டு வாரத்துல வந்து ஒழுங்கா மறுபடி பண்ணுங்க, பார்ப்போம்."

பார்ப்போம் என்றாரே தவிர, பயப்படு என்று சொல்லவில்லை அல்லவா? அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நான் திரும்பிப் போகவே இல்லை. சொட்டு மருந்தை நினைவு வந்தபோது போட்டேன். மறக்க வேண்டியதை மறக்காமல் மறந்தேன்.

வெள்ளிக்கிழமை விடிகாலை ஒரு விருந்தினரை ஏற்றிக்கொண்டு விமான நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். தெரு காலி. இடதுபுறம் திரும்ப வேண்டிய இடம். ஆயிரம் தடவை திரும்பியிருக்கிறேன், இடுப்புக்குத் தெரியும். திருப்பினேன்.

"நிறுத்துங்க!" என்று பின்னால் இருந்தவர் கத்தினார்.

பிரேக்கை மிதித்தேன். கார் குலுங்கி நின்றது. முன்னால் ஒன்றும் இல்லை. ஏன் கத்தினார் இவர் என்று தலையை இடப்பக்கம் திருப்பினேன். பானெட்டின் மேல் ஒரு கை இருந்தது. பச்சை மேலங்கி போட்ட, தெருக் கூட்டுகிற ஒரு பெண். அவளுடைய குப்பை வண்டியின் சக்கரம் என் பம்பரை ஒட்டி நின்றது. அவ்வளவு பெரிய மனுஷி, அவ்வளவு பளிச்சென்ற பச்சை, தெருவிளக்குக்கு நேர் கீழே. நான் தலையைத் திருப்பும்வரை அவள் இந்த உலகத்திலேயே இல்லை.

அவள் கத்தவில்லை. கையைப் பானெட்டிலிருந்து எடுத்து, சுற்றி வந்து, என் ஜன்னல் பக்கம் குனிந்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"ஏங்க, கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

முப்பத்தோரு வருஷத்தில் இதை என்னிடம் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். நானும் எத்தனையோ பேரைக் கேட்டிருக்கிறேன். பதிலுக்கு ஒன்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அது ஒரு கேள்வி என்பது உறைத்தது. வாயைத் திறந்தேன். என் வாயில் எப்போதும் ஒரு நக்கல் தயாராக இருக்கும். அன்று ஒன்றுமே வரவில்லை.

"மன்னிச்சுக்கம்மா," என்றேன்.

அவள் ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தாள். என்ன தெரிந்ததோ, "பாத்துப் போங்க," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். பின்னாலிருந்து 'க்ளிக்' என்று ஒரு சத்தம். விருந்தினர் சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

அவரை இறக்கிவிட்ட பிறகு கார் நிறுத்துமிடத்தில் வண்டியை நிறுத்தினேன். வலது கண்ணைப் பொத்தினேன். எதிரே இருந்த அறிவிப்புப் பலகை தெரிந்தது. பலகையைச் சுற்றி இருந்த விமான நிலையத்தைக் காணவில்லை.

மனைவிக்கு ஃபோன் செய்தேன். "நாளைக்குக் காலைல லீவு போட முடியுமா?"

"போட்டுட்டேன்," என்றாள்.

"எப்ப?"

"போன வாரமே. டாக்டர் கிட்ட பத்தரைக்கு டோக்கனும் வாங்கிட்டேன். நீங்க கேப்பீங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன். கேக்கலைன்னா இழுத்துக்கிட்டுப் போயிருப்பேன்."

சனிக்கிழமை காலை மருத்துவமனைக்கு நான்தான் ஓட்டினேன். ஊர்வலம் போவதைவிட மெதுவாக. ஒலிபரப்பு நிலையம் தடையில்லாமல் இயங்கியது. "இடது பக்கம் பஸ். இடது பக்கம் ஒண்ணுமில்ல. இடது பக்கம் இப்பவும் ஒண்ணுமில்ல." நான் கேலி செய்யவில்லை. ஒன்றுமில்லை என்பதைக்கூட ஒருத்தி சொல்லித்தான் நான் தெரிந்துகொள்கிறேன் என்பது ஒவ்வொரு தெருவிலும் ஊசி போலக் குத்தியது.

அதே இருட்டறை, அதே கிண்ணம், அதே பெண். "சார், இன்னிக்கு முன்கூட்டியே எதுவும் சொல்லாதீங்க," என்றாள்.

"இல்லம்மா. இன்னிக்கு வாயே திறக்கமாட்டேன்."

வெளிச்சம் வந்தது, அமுக்கினேன். அப்புறம் 'க்ர்ர்'. அமுக்கவில்லை. மறுபடி 'க்ர்ர்'. கட்டைவிரல் துடித்தது, மற்ற நாலு விரல்களால் அதைப் பிடித்துக்கொண்டேன். 'க்ர்ர், க்ர்ர், க்ர்ர்.' எங்கெங்கோ பொட்டுப் பொட்டாக மினுக்கிக்கொண்டிருக்கிறது, எல்லாம் எனக்காகத்தான், ஒன்றுகூட வந்து சேரவில்லை. அமுக்காமல் இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று நான் நினைத்ததே இல்லை. சட்டை நனைந்துவிட்டது.

வெளியே பெஞ்சில் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் இடப்பக்கம்தான் உட்கார்ந்திருந்தாள். கை பட்ட பிறகுதான் தெரிந்தது.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"அந்தச் சொட்டு மருந்தைக் கடையில எத்தனை பேருக்கு எடுத்துக் குடுத்திருப்பேன்! எல்லாரும் ஒரே மாதிரிதான் நடப்பாங்க. வாசக்கதவுல தோளை இடிச்சுட்டு, கதவைத் திட்டுவாங்க."

"நானும் திட்டறேனா?"

"நீங்க ஜோக்கு அடிக்கறீங்க. அதான் கண்டுபிடிக்கக் கொஞ்சம் நாளாச்சு."

"அப்புறம் ஏன் 'உங்க இஷ்டம்'னு சொன்னே?"

அவள் மடியில் இருந்த பையின் ஜிப்பை இழுத்தாள், மூடினாள். "வேணாம்னு என் வாயால எப்படிங்க சொல்லுவேன்? அந்தக் காரைத் தொடைக்கறப்ப நீங்க அதுகூடப் பேசறதை ஜன்னல் வழியா பாக்கறவ நான்."

பையில் ஃபோன் அதிர்ந்தது. டைக்காரர். மணி பதினொன்று ஐம்பது. எடுக்கவில்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைகீழாக இருந்தாலும் எனக்குத் தெரிந்தது: இரண்டு வட்டங்கள். ஒன்று ஏறக்குறைய முழுக்கக் கறுப்பு, நடுவில் மட்டும் ஒரு சின்ன வெளுப்பு. இன்னொன்றில் ஒரு ஓரம் கறுத்திருந்தது.

"இந்தத் தடவை நல்லா பண்ணியிருக்கீங்க," என்றார். "இதை நம்பலாம். அழுத்தத்தை இன்னும் கொறைக்கணும், மருந்தை மாத்தித் தர்றேன். ஆறு வாரம் கழிச்சு வாங்க, பார்ப்…"

"டாக்டர்." நான் குறுக்கிட்டேன். "எனக்கு ஒரு கார் வாங்கணும். பன்னண்டு மணிக்குள்ள சொல்லணும். லீஸுன்னா மூணு வருஷம். சொந்தமா வாங்கினா ஏழு வருஷமாவது ஓட்டணும். எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன். விக்கறவர், மச்சான், இவ, எல்லாரும் எத்தனை வருஷம் ஓட்டுவேன்னு என்னையே திருப்பிக் கேக்கறாங்க. அதுக்குப் பதில் உங்ககிட்டதான் இருக்கு. மூணா, ஏழா? பார்ப்போம்னு மட்டும் சொல்லிடாதீங்க."

பையில் மறுபடி ஃபோன் அதிர்ந்தது. மனைவி அதன் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

டாக்டரம்மா பேனாவை மூடினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். முதல் தடவையாகத் தாளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"இன்னிக்கு எப்படி வந்தீங்க?"

"ஓட்டிக்கிட்டு."

"அதுதான் கடைசி," என்றார். "மூணும் இல்ல, ஏழும் இல்ல. வாங்கவும் வேணாம், லீஸுக்கும் வேணாம். உங்க இடது கண்ணுல நடு மட்டும்தான் மிச்சம். வலது கண்ணுல மூக்குப் பக்கம் போயிருக்கு. அதனால உங்க இடது பக்கம்னு ஒண்ணு உங்களுக்கு இல்ல. போனது திரும்பி வராது. இருக்கறதை என்னால காப்பாத்த முடியும், ஆனா நீங்க ஒருநாள் விடாம மருந்து போடணும். போட்டீங்கன்னா, இவங்க முகத்தை இன்னும் ரொம்ப வருஷம் பாப்பீங்க. ஸ்டியரிங்கை மட்டும் இனிமே தொடாதீங்க. சாவியை இவங்க கையில குடுங்க. கீழ போனா டாக்சி நிக்கும், வீட்டுக்கு அதுல போங்க."